முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கிட்டேன், வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாமே ஷேக் ஆகுது, எங்க தப்பு பண்றேன்?

குடந்தை மீனா:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் தான் இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

ரெண்டு மாசம் முன்னாடி சீட்டு எடுத்த காசுல செகண்ட் ஹேண்ட்ல கேனான் 1500டி வாங்கினேன், கூட கேமராவோடயே வர்ற 18-55 கிட் லென்ஸ், ஒரு பேட்டரி, சார்ஜர், பை. ஸ்கூல் படிக்கும்போதுலேர்ந்தே ஆசை, இப்ப தான் கைக்கு வந்துச்சு. வெளியில எடுத்தா நல்லாவே வருது, காலைல மகாமக குளத்துக்கிட்ட எடுத்தது, காவேரி படித்துறைல எடுத்தது எல்லாம் வீட்ல எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு.

பிரச்சனை வீட்டுக்குள்ள. போன ஞாயித்துக்கிழமை எங்க அக்காவுக்கு வளைகாப்பு. போட்டோகிராபர் யாரும் வேணாம் நானே எடுக்குறேன்னு சொல்லிட்டேன், அக்காவும் சரின்னுட்டா. மொத்தம் 340 போட்டோ எடுத்தேன், கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா தேறுறது முப்பது கூட இல்ல. அக்கா மணைல உக்காந்திருக்கா, அத்தை, சித்தி எல்லாம் வரிசையா வந்து சந்தனம் பூசி வளையல் போடுறாங்க, அந்த நேரத்துல எடுத்த எல்லாத்துலயும் கை ஆடியிருக்கு, வளையல் வளையலா தெரியாம பச்சையும் செவப்புமா கோடு இழுத்த மாதிரி இருக்கு. ஷேக் ஆகுதேன்னு நடுவுல ஷட்டர் ஸ்பீடு 500 வரைக்கும் ஏத்தி பாத்தேன், ஒரே இருட்டு, சிலதுல பாதி போட்டோ மஞ்சளா பாதி வேற கலரா பட்டை பட்டையா வந்துச்சு. பயந்து போய் ஆட்டோல போட்டேன், ப்ளாஷ் தானா தூக்கிக்கிச்சு, அதுல அக்கா மூஞ்சி வெள்ளையா வெளுத்துப் போய் பின்னாடி நிக்கிறவங்க இருட்டுல நிக்கிற மாதிரி இருக்காங்க.

அக்கா ஒண்ணும் சொல்லல, ஆனா அவ ஒவ்வொண்ணா தள்ளி தள்ளி பாத்தப்ப எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல குழந்தை பொறந்துரும், பேர் வைக்கிற விசேஷமும் இதே ஹால்ல தான். அதையாவது ஒழுங்கா எடுக்கணும். கேமரால ஏதும் கோளாறா, லென்ஸ் மாத்தணுமா, இல்ல நான் தான் தப்பு பண்றேனா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

சிவா மதுரை:

வெளியில நல்லா வருதுன்னா கேமரால கோளாறு இருக்க வாய்ப்பு கம்மி. ஷேக் ஆன போட்டோ ஒண்ண கேமராலயே ஓப்பன் பண்ணி பின்னாடி டிஸ்ப்னு எழுதியிருக்கிற பட்டன அமுக்குங்க, என்ன செட்டிங்ல எடுத்ததுன்னு காட்டும். ஷட்டர் (எவ்வளவு நேரம் தொறந்திருந்துச்சு), எஃப் நம்பர் (லென்ஸ் எவ்வளவு அகலமா தொறந்துச்சு, நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம்), ஐஎஸ்ஓ (வந்த வெளிச்சத்த கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுது) மூணையும் இங்க போடுங்க, அது இல்லாம என்ன சொன்னாலும் குருட்டாம்போக்கு தான். எந்த மோட்ல எடுத்தீங்கன்னும் சொல்லுங்க.

---

குடந்தை மீனா:

பாத்தேன் சிவா சார். நெறைய போட்டோல 1/8, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. எல்லாம் எம் மோட், அதாவது எல்லாத்தையும் நாமளே வைக்கிற மோட். ஒரு வீடியோல எம் மோட்ல எடுத்தா தான் கத்துக்க முடியும்னும், ஐஎஸ்ஓ 400க்கு மேல போனா புள்ளி புள்ளியா நாய்ஸ் வந்து போட்டோ கெட்டுப் போயிரும்னும் சொன்னாங்க, அதனால அதுக்கு மேல ஏத்தவே இல்ல. நான் கொஞ்சம் தள்ளி நின்னு ஜூம் ஃபுல்லா 55ல வச்சு தான் எடுத்தேன், கிட்டக்க போனா எல்லாருக்கும் எடஞ்சலா இருக்குமேன்னு.

---

சிவா மதுரை:

அவ்வளவு தான், கெடைச்சிருச்சு. ஐஎஸ்ஓ 400லயே நிறுத்துனது தான் காரணம். விளக்கமா யாராவது எழுதுவாங்க, நான் டூட்டில இருக்கேன்.

---

தஞ்சை ஸ்டூடியோ அண்ணன்:

மீனா தங்கச்சி, நான் இருபத்தஞ்சு வருஷமா கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புன்னு எடுத்துக்கிட்டு இருக்கேன், நீ சொன்ன அந்த ஹால் எனக்கு கண்ணு முன்னாடி தெரியுது. ரெண்டு டியூப் லைட், செவுத்துல பழைய பெயிண்ட், நடுவுல மணை, சுத்தி நாப்பது பேர். கண்ணுக்கு வெளிச்சமா தான் தெரியும், ஏன்னா நம்ம கண்ணு தானா சரி பண்ணிக்கும். கேமராவுக்கு அது இருட்டு. வெளியில காலை வெயிலுக்கும் அந்த ஹாலுக்கும் வெளிச்சத்துல நூறு இரநூறு மடங்கு வித்தியாசம் இருக்கும், அதுக்கும் மேலயே இருக்கும்.

1/8னா என்னன்னு பாரு. ஒரு செகண்டுல எட்டுல ஒரு பங்கு நேரம் கேமரா கண்ண தொறந்து வச்சிருக்கு. அதுக்குள்ள வளையல் போடுற சித்தி கை நாலு விரக்கடை நகந்திருக்கும். லென்ஸ்ல ஸ்டெபிலைசர்னு ஒரு ஸ்விட்ச் இருக்கே, ஐஎஸ்னு சொல்லுவாங்க, அது உன் கை நடுங்குறத தான் தாங்கிப் பிடிக்கும், சித்தி கை நகர்றத அதால ஒண்ணும் பண்ண முடியாது. இத நெறைய பேர் கொழப்பிக்கிறாங்க. அதனால தான் பின்னாடி செவுத்துல மாட்டியிருந்த காலண்டர் கிளியரா இருந்திருக்கும், கை மட்டும் ஆடியிருக்கும், எடுத்துப் பாரு.

இப்ப கணக்கு. ஐஎஸ்ஓவ ரெட்டிப்பாக்கினா ஷட்டர் டைம பாதியாக்கலாம். 400ல 1/8, 800ல 1/15, 1600ல 1/30, 3200ல 1/60. அப்புறம் அந்த லென்ஸ்ல 55ல வச்சா எஃப் 5.6க்கு மேல தொறக்காது, 18ல வச்சா 3.5 வரைக்கும் தொறக்கும். ஜூம் பண்ணி தள்ளி நின்னதுலயே பாதிக்கு மேல வெளிச்சத்த விட்டுட்ட. ரெண்டு எட்டு முன்னாடி போய் 24, 28 பக்கம் வச்சிருந்தா எஃப் 4 சொச்சம் கெடைச்சிருக்கும், ஐஎஸ்ஓ 3200ல 1/100 தாராளமா வந்திருக்கும். 1/8க்கும் 1/100க்கும் எவ்வளவு தூரம் பாத்தியா, கேமரா அதே தான், லென்ஸும் அதே தான். ஆனா முழுக்க 18ல வச்சு மூஞ்சிகிட்ட போகாத, மூக்கு பெருசா தெரியும், பொம்பளைங்க திட்டுவாங்க.

நாய்ஸ் பத்தி உனக்கு சொன்னவங்க பாதி தான் சொல்லியிருக்காங்க. உன் கேமரா குடுக்குற படம் 6000க்கு 4000, 24 மெகாபிக்சல். ஆல்பத்துல போடுற 4க்கு 6 பிரிண்டுக்கு 1800க்கு 1200 இருந்தா போதும். அவ்வளவு பெரிய படத்த சுருக்கி போடும்போது அந்த புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து அமுங்கிரும். நாங்க பிலிம்ல எடுத்த காலத்துல 400 ரோல் போட்டா அதான் வேகமான ரோல்னு சொல்லுவோம், 36 படம், கழுவி வர்ற வரைக்கும் என்ன வந்திருக்குன்னு தெரியாது, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடிச்சுக்கும். இன்னைக்கு உன் கைல 3200 இருக்கு, எடுத்த உடனே பாக்கலாம். புள்ளி இருக்கிற போட்டோவ அக்கா பேரப்புள்ளைக்கு காட்டுவா. ஆடிப்போன போட்டோவ யாருக்கும் காட்ட முடியாது. இது ஒண்ண மட்டும் மனசுல போட்டுக்க.

அந்த பட்டை பட்டையா வந்ததுக்கு காரணம் டியூப் லைட். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வச்ச டியூப் லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்கு தெரியாது. நீ 1/500 வச்சா படத்தோட ஒரு பக்கம் லைட் பிரகாசமா இருக்கும்போது பதியும், இன்னொரு பக்கம் மங்குற நேரத்துல பதியும், அதான் பாதி ஒரு கலரு, மீதி ஒரு கலரு. 1/100 இல்ல 1/50 வச்சா ஒரு முழு சுத்து உள்ள வந்துரும், பட்டை வராது. மட்டமான எல்இடி பல்புலயும் இதே தொல்லை உண்டு. அதனால டியூப் லைட் வீட்ல எனக்கு 1/100 தான் பழக்கம்.

ப்ளாஷ். கேமரா மேல தூக்குதே அந்த குட்டி ப்ளாஷ், அதோட கெய்டு நம்பர், அதாவது பவர் கணக்கு, 9 சொச்சம் தான். அத எஃப் நம்பரால வகுத்தா எத்தன மீட்டர் எட்டும்னு தெரியும். ஐஎஸ்ஓ 100ல எஃப் 5.6னா ஒன்றரை மீட்டர் சொச்சம் தான், 400ல வச்சா அதுக்கு ரெட்டிப்பு. முன்னாடி உக்காந்திருக்கிற அக்காவ சுட்டுரும், பின்னாடி நிக்கிறவங்ககிட்ட போயே சேராது. அத மூடியே வை.

இப்போதைக்கு எம் மோட விடு. டயல டிவின்னு (Tv) எழுதியிருக்கிற இடத்துக்கு திருப்பு, ஷட்டர மட்டும் நாம வைக்கிற மோட் அது, ஷட்டர் 100 வை, ஐஎஸ்ஓ ஆட்டோ போட்டு மெனுல அதிகபட்சம் 3200னு கட்டிப் போடு. மத்தத கேமரா பாத்துக்கும், நீ அக்கா மூஞ்சிய பாரு. கண்ண வச்சு பாக்குற வியூஃபைண்டர்ல எஃப் நம்பர் மினுக்கு மினுக்குன்னு அடிச்சா வெளிச்சம் பத்தலன்னு அர்த்தம், அப்ப மட்டும் 6400 வரைக்கும் விடு.

வீட்ல ஒரு பாடம் பண்ணு. வளையல் ஸ்டாண்ட் இருந்தா ஊஞ்சல் மேல வச்சு லேசா ஆட்டி விடு. 1/8, 1/15, 1/30, 1/60, 1/125, 1/250ன்னு வரிசையா எடு. கம்ப்யூட்டர்ல போட்டு பெருசாக்கி பாரு. அந்த ஆறு படத்த உன் கண்ணால பாத்துட்டா ஷட்டர் ஸ்பீடு பத்தி வேற யாரும் உனக்கு சொல்லித்தர வேண்டியதில்ல.

---

கோவை ராஜி:

அண்ணா சொன்னதுக்கு மேல ஷட்டர் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. நான் வேற ரெண்டு விஷயம் சொல்றேன், ஏன்னா எனக்கு இதெல்லாம் தெரியாம ஒரு வருஷம் வீணா போச்சு.

மீனா நீங்க கண்ணாடி போடுவீங்களா? வியூஃபைண்டர் வழியா பாக்கும்போது கீழ பச்சையா வர்ற நம்பர் எல்லாம் தெளிவா தெரியுதா? மங்கலா தெரிஞ்சா வியூஃபைண்டருக்கு வலது பக்கம் ஒட்டினாப்ல ஒரு சின்ன திருகு இருக்கும், அத மெதுவா சுத்துங்க, நம்பரும் உள்ள இருக்கிற ஃபோகஸ் புள்ளியும் பளிச்சுன்னு தெரியிற இடத்துல நிறுத்துங்க. அது படத்த மாத்தாது, நம்ம கண்ணுக்கு மட்டும் தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா முன்னாடி வச்சிருந்தவங்க அவங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பி வச்சிருப்பாங்க.

ரெண்டாவது ஃபோகஸ். உங்க கேமரால 9 ஃபோகஸ் புள்ளி, எல்லாத்தையும் கேமரா கைல விட்டா எது கிட்டக்க இருக்கோ அத பிடிச்சுக்கும். வளைகாப்புல கிட்டக்க இருக்கிறது சித்தி முதுகா தான் இருக்கும், இல்ல சீர்வரிசை தட்டா இருக்கும். அதனால நடு புள்ளிய மட்டும் செலக்ட் பண்ணி வைங்க, ஒம்பதுல அது தான் மங்கின வெளிச்சத்துலயும் தடுமாறாம பிடிக்கும். அக்கா கண்ணு மேல அத வச்சு பட்டன பாதி அமுக்கி, பீப் சத்தம் வந்ததும் அமுக்கினபடியே கேமராவ நகத்தி ஃப்ரேம் சரி பண்ணி முழுசா அமுக்குங்க. பாதி அமுக்குறது கைக்கு பழக ஒரு வாரம் ஆகும், டீ குடிக்கும்போதெல்லாம் டம்ளர ஃபோகஸ் பண்ணி பழகினேன் நானு.

---

வினோத் சென்னை:

பேசாம 50எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்கிருங்க, எல்லாம் சரியாயிரும். கிட் லென்ஸோட 5.6க்கும் இதோட 1.8க்கும் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் வித்தியாசம். பின்னாடி மங்கலாவும் வரும், அழகா இருக்கும்.

---

தஞ்சை ஸ்டூடியோ அண்ணன்:

வினோத் தம்பி, நல்ல லென்ஸ் தான், நானும் வச்சிருக்கேன், ஆனா இப்பவே வாங்க சொல்லாதீங்க. அந்த கேமரால சென்சார் சின்னது, 1.6 மடங்கு கணக்கு, 50 போட்டா 80 போட்ட மாதிரி இருக்கும். கும்பகோணத்து வீட்டு ஹால்ல நாப்பது பேருக்கு நடுவுல எடுக்கணும்னா முதுகு செவுத்துல முட்டிக்கும், அப்பவும் அக்காவும் சித்தியும் ஒரே ஃப்ரேம்ல வரமாட்டாங்க. 1.8ல தொறந்து வச்சு கிட்டக்க எடுத்தா ஒரு கண்ணு ஷார்ப்பா இருக்கும், இன்னொரு கண்ணு போயிரும், புதுசா பழகுறவங்களுக்கு இன்னொரு தலைவலி. இருக்கிற லென்ஸ்ல மூணு மாசம் எடுக்கட்டும். எந்த தூரத்துல தனக்கு எடுக்க பிடிக்குதுன்னு அதுக்கே தெரிஞ்சிரும், அப்ப வாங்கட்டும்.

---

வினோத் சென்னை:

ஹால் சின்னதுங்கிறத நான் யோசிக்கல அண்ணா, சரி தான். ஆனா குழந்தை பொறந்தப்புறம் தனியா படுக்க வச்சு எடுக்க 50 மாதிரி வராது, 35 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டக்க போகலாம், பிஞ்சு விரல் எல்லாம் அப்படி வரும். என் பையனுக்கு எடுத்த படம் எல்லாமே அதுல தான். அதையும் மீனா மனசுல வச்சுக்கட்டும்.

---

தூத்துக்குடி உப்புக்காத்து:

செகண்ட் ஹேண்ட்னு சொன்னதால ஒண்ணு கேக்கேன், லென்ஸ கழட்டி மொபைல் டார்ச் அடிச்சு உள்ள பாத்தீங்களா? சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் நூலா தெரிஞ்சா அது ஃபங்கஸ். எனக்கு விலை கம்மியா கெடைக்குதேன்னு ஒரு இடத்துல வாங்கி ஏமாந்தேன், வெளிச்சத்துக்கு நேரா எடுத்தா படமே பால் ஊத்தின மாதிரி வெளுத்து வரும், நான் கேமராவ குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

நீங்க காவேரி பக்கம், மழைக்காலத்துல ஈரம் அதிகம். கேமராவ அந்த பைலயே போட்டு பீரோக்குள்ள வைக்காதீங்க, அந்த பஞ்சுத்துணி ஈரத்த பிடிச்சு வச்சுக்கும். நல்லா இறுக்கி மூடுற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், அது போதும். சிலர் அரிசில போட்டு வைங்கன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, அரிசி மாவு தூசி ஜூம் சுத்துற இடத்துல போய் உக்காந்துக்கும். அதவிட முக்கியம், வாரத்துக்கு ரெண்டு தடவையாவது வெளிய எடுத்து நாலு படம் எடுங்க. உள்ள கண்ணாடில தூசி தெரிஞ்சா வாயால மட்டும் ஊதாதீங்க, எச்சில் பட்டா அப்புறம் செலவு.

---

குடந்தை மீனா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அண்ணா சொன்ன மாதிரி காலண்டர் எடுத்துப் பாத்தேன், தேதி கூட படிக்க முடியுது! கை மட்டும் தான் ஆடியிருக்கு. அதப் பாத்ததும் தான் எனக்கு புரிஞ்சுது.

ஊஞ்சல் பாடமும் பண்ணேன். 1/8ல ஒரே கோடு, 1/30ல வளையல்னு தெரியுது ஆனா ரெண்டு ரெண்டா இருக்கு, 1/125ல ஒவ்வொரு வளையலா எண்ணலாம், அதுல இருக்கிற தங்கக் கலர் புள்ளி வரைக்கும் தெரியுது. ஐஎஸ்ஓ 3200 போட்ட படத்த தெரு முனை கடைல 4க்கு 6 பிரிண்ட் போட்டு அம்மாகிட்ட குடுத்தேன், அம்மாவுக்கு எந்த புள்ளியும் தெரியல.

ராஜி அக்கா, நான் கண்ணாடி தான், ஆமா அந்த திருகு வேற எங்கயோ திருப்பி வச்சிருந்துச்சு, திருப்பினதும் உள்ள எல்லாமே பளிச்சுன்னு ஆயிருச்சு, ரெண்டு மாசமா எனக்கு கண்ணு பவர் ஏறிருச்சோன்னு நெனச்சிட்டு இருந்தேன். உப்புக்காத்து அண்ணே, டார்ச் அடிச்சு பாத்தேன், லென்ஸ் சுத்தமா இருக்கு, டப்பாவும் வாங்கிட்டேன்.

ரெண்டு சந்தேகம். ஆடிப்போன வளைகாப்பு படத்த ஏதாவது சாப்ட்வேர்ல சரி பண்ண முடியுமா? அப்புறம் வெள்ளை செவுத்துக்கு முன்னாடி யாரையாவது நிக்க வச்சு எடுத்தா செவுரு சாம்பல் கலரா, ஆளு கறுப்பா வருது, ஏன்?

---

தஞ்சை ஸ்டூடியோ அண்ணன்:

ரெண்டாவது மொதல்ல. கேமராவுக்கு வெள்ளைன்னு ஒண்ணு தெரியாது, எதப் பாத்தாலும் நடுவாந்தரமா சாம்பலா இருக்கணும்னு நெனைக்கும். வெள்ளை செவுரு, வெள்ளை வேட்டி, நாளைக்கு பாப்பாவ சுத்தி வைக்கிற வெள்ளை துணி, எல்லாத்தையும் சாம்பலாக்கி கூடவே ஆளையும் இருட்டாக்கிரும். பின்னாடி ஏவி, பக்கத்துல பிளஸ் மைனஸ் போட்ட பட்டன் இருக்கு பாரு, அத அமுக்கிக்கிட்டே மேல இருக்கிற சக்கரத்த சுத்து, பிளஸ் பக்கம் ஒண்ணு தள்ளு. கறுப்பு பட்டுப்புடவையா இருந்தா மைனஸ் பக்கம். எடுத்து முடிச்சதும் பழையபடி ஜீரோவுக்கு கொண்டு வந்துரு, மறந்தா மறுநாள் எல்லாம் கெட்டுப் போகும்.

ஆடினத சரி பண்ண முடியாது மா, ஷார்ப் பண்ணா கோடு தான் இன்னும் அழுத்தமா தெரியும். ஆனா ஒண்ணு கேக்குறேன், வளையல் இன்னும் அக்கா கைல தான இருக்கு? பிரசவம் வரைக்கும் கழட்ட மாட்டாங்கல்ல. வீட்ல முற்றம் இருக்கா? காலைல ஒம்பது பத்து மணிக்கு அக்காவ முற்றத்த ஒட்டி தாழ்வாரத்துல உக்கார வை, நேர் வெயில் வேணாம், வெயில் தரைல பட்டு திரும்பி வர்ற வெளிச்சம் போதும். ஹால் டியூப் லைட்ட அணைச்சிரு, ரெண்டு வெளிச்சம் கலந்தா தோலு கலரு ஒரு பக்கம் பச்சையடிக்கும். அம்மாவ ஒரு வளையல திருப்பி விட சொல்லு. அந்த கைய எடு.

---

குடந்தை மீனா:

அண்ணா, இன்னைக்கு காலைல எடுத்தேன். முற்றம் இருக்கு, எங்க தாத்தா காலத்து வீடு. தாழ்வாரத்து தூண்ல சாஞ்சு அக்கா உக்காந்தா, ரெண்டு கையையும் வயித்து மேல வச்சுக்கிட்டா, அம்மா பக்கத்துல உக்காந்து செவப்பு வளையல் ஒண்ண மேல தள்ளி விட்டாங்க. 1/125, எஃப் 5.6, ஐஎஸ்ஓ தானா 400ல நின்னுருச்சு, நடு புள்ளி வளையல் மேல. பன்னெண்டு படம் எடுத்தேன், ஒண்ணு கூட ஆடல. அம்மா விரல்ல இருக்கிற மஞ்சக் கறை, வளையலுக்கு நடுவுல விழுந்த நெழலு எல்லாம் இருக்கு.

அக்கா அதுல ஒண்ண வாட்ஸ்அப்ல டிபியா வச்சிட்டா. அத்தான் துபாய்லேர்ந்து போன் பண்ணி இன்னும் நாலு அனுப்ப சொன்னாரு, இப்ப தான் அனுப்பிட்டு வந்து இத எழுதுறேன்.